மைக்கில் விழாத குருவி

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் காதுக்காரர் என்று பெயர். பறவை ஆராய்ச்சித் துறையில் ஒலிப்பதிவு உதவியாளர் வேலைதான். நடையைப் பார்த்தால் அந்தத் துறையே அவர் காதில் தொங்குகிற மாதிரி இருக்கும். பதிவு செய்த ஒலி கணினித் திரையில் கோடு கோடாக ஓடும். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் எந்தப் பறவை என்று முடிவு செய்வார்கள். இவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். “சத்தத்தக் கண்ணால பாக்கறவங்களோட எனக்கென்ன பேச்சு?” என்பார்.

இந்த வருடம் துறைத் தலைவி மேடம் இவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். காட்டில் மரத்துக்கு மரம் மைக் கட்டவேண்டும். பணம் கொஞ்சம்தான். அதனால் மைக் மலிவாகவும் இருக்கவேண்டும், அதில் ஊசிக்குருவியின் குரலும் விழவேண்டும். ஊசி என்பது இவர் வைத்த செல்லப்பெயர். கட்டைவிரல் அளவுக் குருவி. மெல்லிசாக மூன்று இழுப்பு இழுத்து நிறுத்தும். அந்தக் காட்டில் அது இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் இவர், அதுவும் காதால். கல்யாணமான புதிதில் என்னிடம் பேசியதில் பாதி அந்தக் குருவியைப் பற்றி. மீதிப் பாதி அவர் காதைப் பற்றி.

குருவி கூடுகட்டும் காலம் முடிவதற்குள் மைக் முடிவாகவில்லை என்றால் இந்த வருட ஆய்வு அவ்வளவுதான். கூடவே காதுக்காரர் என்ற பெயரும்.

வீடு பரிசோதனைக்கூடமானது. கொல்லைப்புற மரத்துக்குள் ஓர் ஊசிக்குருவி நார் கொண்டுபோவதை அவர் பார்த்திருந்தார். தெரு இரைச்சலில் வெறும் காதுக்கு எட்டாது, மைக் பிடிக்கட்டும் என்று கிளையில் ஒவ்வொன்றாகக் கட்டினார். சட்டையில் குத்துகிற மைக், பட்டன் அளவு மைக், கம்பியில் தானே பற்றவைத்த மைக். காற்று அடிக்காமல் இருக்க, பாத்திரம் தேய்க்க நான் வாங்கிவைத்த பஞ்சை வெட்டி எல்லாவற்றுக்கும் குல்லாய் போட்டார். பிறகு மைக்கை பீரோவுக்குள் போர்வைகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தி, அது தானாகப் போடுகிற இரைச்சல் எவ்வளவு என்று பார்ப்பார். அந்த நேரத்தில் நான் தும்மக்கூடாது.

காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். வேறு யாருக்கும் தரமாட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கும்.

“குப்பை. காக்கா வருது, புறா வருது, பக்கத்து வீட்டு இருமல்கூட வருது. ஊசி வரல.”

மைக் கடைக்குத் திரும்பிப் போகும். கடைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார். “சார், குருவி கூவலன்னா மைக் என்ன சார் பண்ணும்?” இவர் அங்கேயே சண்டை போட்டுவிட்டு வந்தார். குருவியை ஒருவர் குறை சொல்ல விடுவாரா!

கடைசியில் மேடம் வேறொரு நிறுவனத்திடம் கெஞ்சி, விலை உயர்ந்த மைக் ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தார். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வந்தது. அதையும் மரத்தில் கட்டினார். மறுநாள் காலை ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இதுவும் குப்பை.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஊரு உலகத்துல இருக்கற மைக்கெல்லாம் குப்பை, நீங்க ஒருத்தர்தான் சுத்தமா? குடுங்க இப்படி.”

பிடுங்கி மாட்டிக்கொண்டேன். குழாய் சொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். அதற்கெல்லாம் மேலே மெல்லிசாக ஏதோ இழுத்தது.

“இருக்கே.”

“எது?”

“உங்க ஊசிதாங்க. மூணு இழுப்பு. இதோ, மறுபடியும்.”

ஹெட்போனை வாங்கிக் கண்ணை மூடிக் கேட்டார். “எங்க?” என்றார். தலையோடு தலை சேர்த்து ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டோம். குருவி கூவியபோதெல்லாம் நான் விரலைத் தூக்கினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடைக்குத் திருப்பிக் கொடுத்த முதல் மைக்கின் பதிவைப் போட்டார். இருப்பதிலேயே மலிவானது அது. இரைச்சலுக்கு நடுவே அதிலும் ஊசி இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது.

அன்றைக்குத்தான் திரையைத் திறந்தார். நான் விரல் தூக்கிய இடத்தில் எல்லாம் உச்சியில் மூன்று சின்னக் கோடுகள்.

“வயசானா காதுக்கு மேல் சுதிதான் முதல்ல போகும்னு படிச்சிருக்கேன்,” என்றார். “அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன்.”

எத்தனையோ வருடமாகச் சொல்லிக்காட்டக் காத்திருந்தவள் நான். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று போனார். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“மலிவு மைக்கே போதும்னு சொன்னேன். கைதட்டுனாங்க.”

“மத்தது?”

“அதயும் சொன்னேன். எனக்குக் கேக்கல, வீட்லதான் கேட்டுச் சொன்னாங்கன்னு. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இவரோட தன்னடக்கத்தப் பாருங்கன்னு மேடம் எல்லார்கிட்டயும் சொன்னாங்க. காட்டுலேருந்து வர்ற பதிவு மொத்தத்தயும் கேக்கற பொறுப்பு எனக்குத்தானாம்.”

தன்னடக்கமாம், இவருக்கு! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

அவர் எழுந்துபோய்க் கொல்லைப்புற ஜன்னலைத் திறந்தார். “இப்போ கூவுதா?”

தெரு சற்று அடங்கியிருந்தது. கூவிக்கொண்டுதான் இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது தினமும் என் காதில் விழுகிற சத்தம்தான். யார் வீட்டு ஜன்னல் கீலோ எண்ணெய் கேட்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

“கூவுதுங்க.”

“எப்படி இருக்கு? செஞ்சு காட்டேன்.”

உதட்டைக் குவித்து, எனக்கு வந்த மாதிரி மூன்று இழுப்பு ஊதிக் காட்டினேன்.

“இல்ல,” என்றார் உடனே. “கடைசி இழுப்பு முடியறப்போ லேசா மேல போகணும்.”

ஜன்னலோரம் போய் நின்று மறுபடி கேட்டேன். மேலேதான் போனது.