ஒரு படிக் கம்பு

சுந்தரலிங்கம் அண்ணாச்சி காலமான செய்தி வந்தபோது எங்கள் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த கண்டக்டர், என் காதருகே குனிந்து சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கேட்காதது மாதிரி நின்றேன். அவர் இரண்டாம் முறையும் சொன்னார். மல்லாங்கிணறில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. அப்போது ஓர் அம்மாளின் கேழ்வரகு பாதி இறங்கியிருந்தது. தானியத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது அண்ணாச்சி வைத்த சட்டம். அதை முழுதும் அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எஞ்சினை அணைத்தேன். காத்திருந்தவர்கள் எதுவும் கேட்காமல் தங்கள் ஓலைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பந்தல்குடியில் அந்த மில்லை நாங்கள் இருவரும் கூட்டாகத் தொடங்கியது அறுபதுகளின் நடுவில். அவர் பஞ்சுக் கிட்டங்கியில் எடை போட்டவர். நான் லாரி செட்டில் சீட்டு எழுதியவன். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்றாலும் எஞ்சினைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவருக்கும். முதல் மாதத்தில் அது ஓடிய நேரத்தைவிட நாங்கள் அதைச் சுற்றி ஓடிய நேரம் அதிகம். எனக்கு ஆத்திரம் வந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிவேன். அண்ணாச்சி அதை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, "ஐயா, இன்னைக்கு ஒருநா மட்டும் ஒத்துழைங்க" என்று எஞ்சினைக் கும்பிடுவார். மனிதர்களிடம் என்ன மரியாதையோ அதே மரியாதை இரும்புக்கும்.

எங்களிடம் ஒரே ஒரு ஜோடிக் கல்தான் இருந்தது. அதனால் மிளகாய்க்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்று ஒதுக்கிவிட்டோம். கடைசி மிளகாய் இறங்கியதும் அண்ணாச்சி தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு படிக் கம்பைப் போட்டு ஓட்டுவார். கல்லில் ஒட்டியிருக்கும் காரமெல்லாம் அந்த மாவோடு வந்துவிடும். கல்லைக் கழுவுவது என்று அதற்குப் பெயர். அந்த மாவையும் அவர் கொட்டமாட்டார். மோரைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டால் இறங்கிவிடும் என்று வீட்டுக்கு எடுத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமைக் கூழில் கண்ணீர் வருகிறது என்று மதினி என்னிடம் வந்து முறையிடுவார்கள். நான் அவர்கள் பக்கம். துடைப்பத்தால் பெருக்கினால் போகாத காரமா என்பது என் கட்சி.

அடுத்த வருடம் நாலு கடை தள்ளி இன்னொரு மில் வந்தது. புதுக் கட்டடம், புது மிஷின். அந்தச் சமயத்தில்தான் எஞ்சின் சாமான் வாங்க அண்ணாச்சி அருப்புக்கோட்டை போனார். கம்பைப் படியில் அளந்து மூடி வைத்து, மறக்காமல் ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை மிளகாய் முடிந்தபோது எனக்கு அலுப்பு. பெருக்கி விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை முதல் அரவை, பக்கத்துக் கிராமத்துக் கல்யாண வீட்டு அதிரசத்துக்கு ஊறவைத்து வடித்த பச்சரிசி. சந்தைக்குப் போகிற வண்டிக்காரர் இறக்கிவிட்டுப் போனார். திரும்பும்போது கட்டிவைத்திருந்த பெட்டியை ஏற்றிக்கொண்டார். ஈர அரிசி கல்லில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டுதான் வரும். மாவில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. அது அரிசியின் நிறம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மதியம் திரும்பிய அண்ணாச்சி, மூடிய படியில் கம்பு அப்படியே இருப்பதைப் பார்த்தார். மிளகாய்க்குப் பிறகு முதலில் யாருக்கு அரைத்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பேசாமல் இருந்துவிடலாம், எதிரி மில்லுக்கு நாமே ஆள் அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துவிட்டார். நான் கேரியரில் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. முதல் அதிரசத்தைக் கடித்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். மிளகாய் காயப்போட்ட பாயில் அரிசியைப் பரப்பினாய் என்று வீட்டு மருமகளை ஆளாளுக்கு ஏசினார்கள். அந்தப் பெண் கையில் ஜல்லிக்கரண்டியோடு அழுதுகொண்டு நின்றது. அண்ணாச்சி முற்றத்தில் போய் நின்று கையைக் கூப்பினார்.

"அந்தப் பிள்ளைய ஏசாதீக. மிளகா அரைச்ச கல்லைக் கழுவாம நான்தான் அரைச்சுப்புட்டேன். நாளைக்குக் காலையில வேற மாவு கொண்டாந்து தாரேன்."

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

திரும்பும் வழியில் சைக்கிளை நான் மிதித்தேன். பாதி தூரத்தில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஏலே, அந்த வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான் உனக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருக்காக. எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு பிள்ளை இருக்கு. இனிமே என்னைய யாரு வேணாம்னு சொல்லப்போறா?"

அந்த ஊர்க்காரர்கள் அவருக்குக் 'காரமாவு' என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாதம் அங்கிருந்து ஒரு பெட்டிகூட வரவில்லை. புது மில்லைத் தாண்டி முதலில் எங்கள் வாசலுக்கு வந்தது அந்த மருமகள்தான். தலையில் சோளப்பெட்டி. தப்பை ஒத்துக்கொள்கிற இடத்தில் அரைத்தால் பயமில்லை என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்ததாம். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். வியாபாரம் என்று நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றுதான். அதுவும் இன்னொருவர் என் இடத்தில் நின்று கற்றுக்கொடுத்தது.

எனக்கு அந்த ஊரிலேயே கல்யாணம் ஆயிற்று. பெயர் மட்டும் அவரை விடவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார். உடலை எடுத்த அன்றைக்குக்கூட அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "காரமாவு போயிட்டாரே" என்று பிரியமாகத்தான் அழுதார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

போன சனிக்கிழமை மிளகாய் முடிந்ததும் என் வீட்டுக் கம்பில் ஒரு படி போட்டு ஓட்டினேன். மாவை வீட்டுக்கு எடுத்துவந்தேன். கூழ் ஏன் இப்படி எரிகிறது என்று என் மனைவி கேட்டாள். இத்தனை வருடமும் சொல்லாததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்புறம், "அவுக இருக்கயிலேயே எங்க ஊருல வந்து சொல்லியிருக்கலாம்ல" என்றாள். சொல்லியிருக்கலாம். பெண் கொடுக்கமாட்டார்கள் என்ற பயம் போன பிறகும், இவ்வளவு நாள் மறைத்தானே என்பார்கள் என்ற பயம் வந்துவிட்டது.

இப்போது சொல்கிறேன். அந்தக் கல்யாண வீட்டு அரிசியை அரைத்தது நான். அண்ணாச்சி அன்று ஊரிலேயே இல்லை. அந்தப் பெயரை இனி என்னைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. கல்லைக் கழுவிவிட்டேன்.