எந்தப் பக்கத்து ஜன்னல்

1999 மார்ச் 6, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். மேல்தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்பதற்குள் நிறுத்தினேன். வாசலில் கிடந்த இரண்டு பால் பாக்கெட்டுகளை எடுத்து வந்து அடுக்களையில் வைத்தேன். குளியல், சந்தியாவந்தனம், காப்பி. காப்பியில் பாதி குடித்திருந்தபோது வளைகுடாவிலிருந்து வரும் விமானம் இரைந்துகொண்டு இறங்கிற்று. அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம்தான். இட்லிக்கு எங்கள் வீட்டில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. துபாயில் விமானம் தாமதமாகக் கிளம்பினால் ஸ்ரீவராகத்தில் இட்லியும் தாமதமாகும்.

இவ்வளவும் அன்றைய டைரியில் இருக்கிறது. பானையை ஏற்றுவதற்கு முன் அவள் கையில் கரண்டியோடு பின்முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தது மட்டும் இல்லை. அது தினமும் நடப்பது என்பதால் நான் எழுதுவதில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. சாலைக் கடைத்தெருவில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் ஒழுங்காக வரும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் தந்து அனுப்பிவிடுவார்கள், பென்ஷன் கிடையாது. இதை வேறு ஊரில் இருந்திருந்தால் நான் இவ்வளவு நினைத்திருக்க மாட்டேன். திருவனந்தபுரத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் செக்ரடேரியட்டிலோ, பள்ளிக்கூடத்திலோ, ஏஜீஸ் ஆபீஸிலோ இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் வாரத்தில் அவர்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல பென்ஷன் வாங்க டிரெஷரிக்குப் போவார்கள். அவர்களைத் தாண்டி நான் சைக்கிளில் வேலைக்குப் போவேன்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். சம்பளத்தில் ஒரு பங்கு போஸ்ட் ஆபீஸுக்குப் போகும், போனது ஐம்பத்தெட்டுக்கு முன் திரும்பி வராது. பெண்ணின் கல்யாணத்துக்குக்கூட அதைத் தொடவில்லை, ஆபீஸில் கடன் வாங்கித்தான் செய்தேன். பணத்துக்கு வைத்த விதி நாளடைவில் மற்றதற்கும் பரவிவிட்டது. போனக்காட்டுக்குப் போய் மலையைப் பார்க்க வேண்டும் என்றால், ஐம்பத்தெட்டுக்கு அப்புறம். பறவைகள் பார்க்க வேண்டும் என்று ஓணம் போனஸில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். ஓய்வுக்குப் பிறகுதானே நேரம் இருக்கும் என்று பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். நாலு வருஷமாக அது அங்கே இருந்தது.

விமானத்தில் ஒரு தடவை ஏற வேண்டும் என்று மனைவி கேட்டதும் அந்தத் தட்டுக்குத்தான் போயிற்று. அவள் அதை வருஷத்துக்கு ஒரு தரம், குறை சொல்லும் தொனி இல்லாமல், சும்மா கேட்பாள்.

"தெனம் நம்ம தலைக்கு மேல போறது. ஒரு நாள் அதுக்குள்ள உக்காந்துண்டு நம்மாத்து மொட்டை மாடியைப் பாக்கணும்."

"பாக்கலாம், பாக்கலாம். அம்பத்தெட்டாகட்டும்."

"உங்களுக்கா, நேக்கா?"

அவளுக்கு ஐம்பத்தெட்டாக இன்னும் பதினாலு வருஷம் இருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குச் சிட்டி ஏலம். வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சிட்டி என்றால் இங்கே ஏலச்சீட்டு. எங்கள் சிட்டியில் நாற்பது பேர். மாதம் இருநூற்றைம்பது ரூபாய் கட்டினால் மொத்தம் பத்தாயிரம் சேரும். அதை மாதம் ஒருவர் எடுக்கலாம். யாருக்கு அவசரமோ அவர், "இவ்வளவு குறைத்துக்கொண்டு எடுக்கிறேன்" என்று கேட்பார். அதிகம் குறைப்பவருக்குப் பணம். மூவாயிரத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது சட்டம். அவர் விட்டுக்கொடுத்ததில் நடத்துகிறவரின் கமிஷன் ஐந்நூறு போக, மிச்சத்தை நாற்பது பேரும் பங்கிட்டுக்கொள்வோம். ஆக, அவசரப்படுகிறவர் இழப்பது காத்திருக்கிறவருக்கு லாபம். காத்திருப்பதில் என்னை மிஞ்ச அந்தச் சிட்டியில் ஆள் இல்லை.

வெறுமனே காத்திருந்ததோடு நான் நிற்கவில்லை. ஏலத்துக்குத் தவறாமல் போய் முன்வரிசையில் உட்காருவேன். யாராவது அவசரக்காரர் கேட்டால் நானும் கேட்பேன். எனக்குப் பணம் வேண்டாம். அவரைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு, சரியான இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். எல்லோருக்கும் பங்கு கூடும். இதில் நான் ஒருமுறைகூட மாட்டிக்கொண்டதில்லை. முகத்தைப் பார்த்தே ஒருவர் எதுவரை போவார் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஏலம் தெருக்கோடி பஜனை மண்டபத்தில் நடக்கும். அன்று பதினைந்து பேர் இருந்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். இங்கே அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒரு டூர் போவார். காசி, டார்ஜிலிங், அந்தமான் எல்லாம் பார்த்தாயிற்று. சிட்டியில் அவர் பேரில் இரண்டு சீட்டு இருந்தது. அவர் கையைத் தூக்கியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த டூருக்குப் பணம் வேண்டியிருக்கிறது. மாதம் பிறந்தால் டிரெஷரியில் பென்ஷன் வாங்குகிறவர், கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் குறைந்துபோய்விட மாட்டார் என்று நினைத்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்," என்றார் டீச்சர். வேறு யாரும் கேட்கவில்லை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஒரு தரம்," என்றார் சிட்டி நடத்துகிற பிள்ளை.

"ரெண்டாயிரம்," என்றேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாரே, உங்களுக்கு இப்ப எதுக்கு ரூவா?"

"எல்லாருக்கும் தேவைதானே டீச்சர்."

"ரெண்டாயிரத்து நூறு," என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் இருநூறு என்றேன். அவர் முந்நூறு என்றார். நான் நானூறு. பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் ஐந்நூறு சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்துக் காட்டினார். முப்பது வருஷம் பிள்ளைகளை அடக்கிய கண். நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கோபப்படுகிறவர் இன்னும் மேலே போவார் என்பது என் அனுபவம்.

"ரெண்டாயிரத்து அறுநூறு," என்றேன்.

"எழுநூறு. சாரே, போதும் கேட்டியளா. வீட்டுக்குப் போங்க, இட்லி ஆறிரும்."

"சாயங்காலம் ஏது டீச்சர் இட்லி? எண்ணூறு."

"தொள்ளாயிரம்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இதற்கு மேல் போனால் என் தலையில் விழுந்துவிடும் என்று அந்தக் குரலே சொல்லிற்று. நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். எழுந்து போகும்போது டீச்சர் என் நாற்காலியருகே நின்று, "நல்ல சாமர்த்தியம். வீட்டுல போய்ச் சொல்லுங்க," என்றார்.

நானும் அப்படித்தான் செய்தேன். செருப்பைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். மனைவி கூடத்தில் உட்கார்ந்து ஒரு பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களின் புடவைகளுக்கு அவள் ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். அதில் வரும் சில்லறையை நான் கேட்டதில்லை, அதற்கு என்னிடம் கணக்கும் இல்லை.

"இன்னிக்கு நம்ம பங்கு அறுபது ரூபா," என்றேன். "டீச்சரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துலேர்ந்து மேல ஏத்திவிட்டேன். முழுசா ஆயிரம்."

அவள் ஊசியை நிறுத்தினாள். "டீச்சர் எவ்வளவுக்கு எடுத்தா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் விட்டுக் குடுத்தா. கையில ஏழாயிரத்து நூறு வரும்."

"கூடக் கேட்டது நீங்களா?"

"நான்தான். வேற யாருக்கு அந்த நெஞ்சுரம்?"

அவள் புடவையை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. கண்ணில் நீர் வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது, இது முழுக்கச் சிரிப்பு இல்லையென்று.

"அந்த ரெண்டாவது சீட்டு என்னோடது," என்றாள்.

ஃபால்ஸ் தைத்த காசு. என் பேரிலோ அவள் பேரிலோ சேர்ந்தால் நான் உடனே போஸ்ட் ஆபீஸுக்கு அனுப்பிவிடுவேன் என்று டீச்சர் பேரில் சேர்ந்திருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் சென்னையில் அவள் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம். போக வர நான் ரயிலில் முன்பதிவு செய்திருந்தேன். போவது ரயிலில் இருக்கட்டும், வருவது விமானத்தில் என்று அவள் முடிவு செய்து, டிக்கெட் விலை விசாரித்து வைத்திருக்கிறாள். ஒருவருக்கு நாலாயிரத்துக்குக் கிட்ட. இரண்டு பேருக்கு எட்டாயிரம். இந்த மாதம் எப்படியும் எடுத்துவிடுங்கள், ஆனால் அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று டீச்சரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் முடிந்திருந்தால் எட்டாயிரத்து நூறு கையில் வந்திருக்கும்.

"ஒங்களுக்கு அறுபது ரூபா லாபம், நேக்கு ஆயிரம் நஷ்டம்," என்றாள். "நீங்கதான் கணக்குல புலியாச்சே. ஆத்துக்கு மொத்தம் எவ்வளவுன்னு சொல்லுங்கோ."

மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். தொள்ளாயிரத்து நாற்பது. டீச்சர் பேரிலிருந்த அந்தச் சீட்டின் பங்கையும் சேர்த்தால் எண்ணூற்று எண்பது. வாய் சும்மா இருந்தாலும் மனசு போட்டுக்கொண்டே இருந்தது.

"சரி, அது போட்டும்," என்றாள் அவள். "ஒரு டிக்கெட்டுக்குத் தாராளமா இருக்கு. நான் ப்ளேன்ல வரேன். நீங்க ரயில்ல வாங்கோ. பதிவு பண்ணினதும் வீணாகாது."

"தனியாவா?"

"பின்னே? ஒண்ணே முக்கால் பேரை ஏத்துவாளா?" ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரு கஷ்டம்தான். நேக்கு மேலேருந்து திக்குத் தெரியாது. கோயில் கோபுரத்தைக் கண்டுபிடிச்சுடுவேன். அங்கேருந்து நம்ம தெருவுக்கு எப்படி வரதுன்னு நீங்க பக்கத்துல இருந்தா சொல்வேள்னு நெனச்சேன்."

சமையல் ஆகிற வரைக்கும் நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தொள்ளாயிரம் ரூபாய் போஸ்ட் ஆபீஸில் கிடந்தால் ஆறு வருஷத்தில் இரட்டிப்பாகும். ஐம்பத்தெட்டில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அந்த இரண்டாயிரத்துக்கு அன்றைக்கு நான் என்ன வாங்குவேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் கடையில் கிழவர்கள் வாங்கிப் போகும் டானிக்கும் முட்டுவலித் தைலமும்தான் ஞாபகம் வந்தன. மொத்த விலையில் வாங்கினால் நிறைய வரும்.

சாப்பிடும்போது, "கொறையற பணத்தை நான் போடறேன்," என்றேன்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எந்தக் காசு? அம்பத்தெட்டுக்கு அப்பறம் காசா?"

"அதேதான்."

"அது கொறையுமே."

"கொறையட்டும். அம்பத்தெட்டுல ரெண்டு மாசம் தைலம் தேச்சுக்காம இருந்தா ஆச்சு."

"வேண்டாம். அப்பறம் வருஷம் பூரா சொல்லிக் காட்டுவேள்."

"சொல்லிக் காட்ட நேக்கு யோக்யதை ஏது? ஏத்திவிட்டதே நான்தானே."

என் இலையில் இன்னொரு கரண்டி மோர் விழுந்தது. கேட்காமலே விழுந்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்படின்னா இதையும் நீங்களே கண்டுபிடிச்சுடுங்கோ," என்றாள். "எந்தப் பக்கத்து ஜன்னல்ல உக்காந்தா நம்ம மாடி தெரியும்? டீச்சருக்குத் தெரியலையாம்."

இருபத்தொரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். தினம் காலையில் என் காப்பிக்கு மேலே ஒரு விமானம் இறங்குகிறது. அது எங்கிருந்து எங்கே போகிறது, எந்தப் பக்கத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டு போகிறது என்று நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக, மோட்டார் போடுவதற்கும் பால் எடுப்பதற்கும் முன்னால், நாற்காலி போட்டு ஏறி அலமாரியின் மேல்தட்டிலிருந்து பைனாகுலர் பெட்டியை எடுத்தேன். கூடத்து விளக்கடியில் வைத்துத் திறந்தேன். வலது கண்ணாடியில் உட்புறமாகப் பூசணம் பூத்திருந்தது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு நாலு வருஷம் தாராளம். இடது கண்ணாடி தப்பித்திருந்தது. காப்பி நேரத்துக்கு மொட்டை மாடிக்குப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றேன். மனைவி இட்லிமாவுக் கையோடு மேலே வந்து பக்கத்தில் நின்றாள். முட்டத்தறைத் தென்னைகளுக்கு மேலே, தெற்கிலிருந்து, சக்கரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு அது இறங்கி வந்தது. வரிசையாக ஜன்னல்கள் தெரிந்தன.

"வலது பக்கம்," என்றேன்.

"ஜன்னல் நேக்கு," என்று சொல்லி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பைனாகுலரை வாங்கினாள்.