பூமி அடங்கிவிட்டதாக நான் நினைத்த வருடம்

எங்கள் வீட்டில் முதல் நிலநடுக்கம் ஒரு காலை பதினொரு மணித் தேநீரோடு வந்தது. நாற்காலியில் இருந்த என் மனிசன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இஞ்சரும், நிலம் நடுங்கினது தெரிஞ்சதோ?" என்றார்.

"கோலியர்ஸ் வுட்டிலை நிலநடுக்கமாம்! கீழை ட்ரெயின் போகுதப்பா," என்றேன். எங்கள் ஃபிளாட் இந்த வெள்ளைக்கார ஊரின் பாதாள ரயில் ஸ்டேஷனுக்கு அருகில்தான். அடுப்பில் கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருந்தது. "இல்லை, உள்ளுக்கை நடுங்குது. நெஞ்சிலை கையை வைச்சுப் பாரும்," என்று கூப்பிட்டார். "எண்ணெய்க் கை," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைத் திருப்பினேன். எந்தப் பாவி வாயால் அதைச் சொன்னேனோ, இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அவர் ஃபோனை எடுத்துத் தேடினார். ஜப்பானில் அன்று காலை நிலம் நடுங்கியிருந்தது. "பார்த்தீரோ!" என்று காட்டினார். இரண்டு நாள் கழித்து மறுபடி நடுங்கிற்று, தேடினார், இந்தோனேசியா. அடுத்தது சிலி. பூமி ஒவ்வொரு நாளும் எங்கேயாவது நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தெரியாது. அவர் எப்போது தேடினாலும் ஓர் ஊர் அகப்பட்டது. அதனால் அவர் சொன்னது ஒருநாளும் பிழையாகவில்லை. பிழையே விடாத மனிசன் எதற்கு டாக்டரிடம் போகப்போகிறார்?

ஜப்பானில் நடுங்குவது இங்கே எப்படித் தெரியும் என்று நான்தான் கேட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அதற்கு விடை தேடி ஒரு வாரம் வீடியோ பார்த்துச் சூரியனைப் பிடித்துக்கொண்டு வந்தார். சூரியனில் தீப்பிழம்பு வெடிக்கிறதாம், அது வந்து பூமியை உலுக்குகிறதாம், சிலருடைய உடம்பு அதை முன்கூட்டியே அறியுமாம். அப்படி ஒரு தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை என்று நானும் தேடிப் படித்துச் சொன்னேன். காதில் போட்டால்தானே. சூரியன் அமைதியாக இருந்த நாளில் பூமி நடுங்கினால், "சூரியன்ரை பின்பக்கத்திலை வெடிச்சிருக்கும், எங்களுக்குத் தெரியாது," என்பார். "உங்களோடை கதைச்சு வெல்ல ஏலுமே!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

தமிழ்க்கடையில் வருடப் பிறப்புக்கு இனாமாகக் கொடுக்கும் நாட்காலண்டர் எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும். காலையில் கிழிக்கிற தாளின் வெறும் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு இழுப்பார். இடப்பக்கம் சூரியனில் வெடித்தவை, வலப்பக்கம் பூமியில் நடுங்கிய ஊர்கள். அழகான எழுத்து அவருக்கு. இந்தத் தெருவில் எத்தனை பேரின் கவுன்சில் படிவங்களை அவர் கையால் நிரப்பிக் கொடுத்திருப்பார்! முதல் வருடம் ஒரு தாள் போதாது. ஓரத்தில் எல்லாம் சுற்றிச் சுற்றி எழுதுவார். எழுதி முடித்த தாள்களை மாதம் மாதமாக ரப்பர் போட்டுக் கட்டி அரிசிப் பையில் வைப்பார்.

அடுத்த வருடம் தாளில் இடம் மிஞ்சத் தொடங்கியது. முதலில் அடியில் கொஞ்சம், பிறகு பாதித் தாள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம். விசர் தெளிகிறது என்று மாதாவுக்கு மெழுகுதிரி கூட ஏற்றினேன். "பூமி அடங்கியிட்டுது போலை, இனி நீங்களும் அடங்குங்கோ," என்று பகிடி பண்ணினேன். "இல்லையே, அதேயளவுதான் வருது," என்றார். சத்தமில்லாமல், வாய்க்குள்ளே. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த வருடம்தான் நாங்கள் அதிகம் சண்டை பிடித்தோம். பஸ்ஸுக்குப் போகும்போது காலை இழுத்து இழுத்து வருவார். "உங்களோடை வெளிக்கிட்டால் பொழுதுபட்டிடும்," என்று கத்துவேன். முகத்தை உம்மென்று வைத்திருப்பார். என்மேல் கோபம் என்று நினைத்து நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாள்கணக்காகக் கதைக்காமல் இருந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு வெளிக்கிட்டவர் சேட்டுப் பொத்தானைப் பூட்ட ஏலாமல் கண்ணாடி முன் நின்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

பல மாதம் காத்திருந்து நரம்பு டாக்டரைப் பார்த்தோம். தமிழ்நாட்டுப் பிள்ளை, என் மகள் வயதிருக்கும். என் மனிசன் அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், நடுக்கம் சூரியனால்தான் என்று காட்ட. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. முதல் வருடத் தாள் ஒன்றையும் கடைசித் தாள் ஒன்றையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, இது ரெண்டும் ஒருத்தரே எழுதினதா?"

ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன். ஒரே அளவு தாள். இரண்டிலும் ஊர்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. எழுத்துத்தான் எறும்பளவாகச் சிறுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு வரியும் போகப் போக இன்னும் சிறுத்து, கடைசியில் வெறும் கோடு.

பார்க்கின்சன் என்றாள். வெளியே தெரியாத உள்நடுக்கத்தோடு சிலருக்குத் தொடங்குமாம், எழுத்துச் சுருங்குமாம், முகம் இறுகுமாம். "முன்னமே வந்திருந்தால்?" என்று கேட்டேன். "இதை நிறுத்துற மருந்து அப்பவும் இல்லைம்மா. ஆனா மாத்திரை கொடுத்திருந்தா இந்த ரெண்டு வருஷம் அவருக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்." முதல் பாதியைச் சொல்லி என்னைத் தேற்றலாம் என்று நினைத்தாள், பாவம். நான் இரண்டாவது பாதியோடுதான் வீட்டுக்கு வந்தேன். அந்த லேசான இரண்டு வருடத்தை நான் கத்திக் கத்தியே தீர்த்துவிட்டேன்.

இப்போது மாத்திரை முன்னைப்போல் பிடிப்பதில்லை. பேனை அவர் விரலில் நிற்பதில்லை. இந்த வருடத் தாள்களை நான் கிழித்துச் சும்மா அடுக்கிவைக்கிறேன்.

போன கிழமை பதினொரு மணிக்குத் தேநீர் பருக்கிக்கொண்டிருந்தேன். "இஞ்சரும், நெஞ்சிலை கையை வைச்சுப் பாரும்," என்றார். எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வைத்தேன். இதயம் அடிப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"தெரியுதோ?"

"ஓமப்பா, தெரியுது."

"எவ்வளவு இருக்கும்?"

"பெரிசு."

"அப்ப எழுதும்."

அன்றைய தாளைத் திருப்பி நடுவே கோடு இழுத்தேன். வலப்பக்கத்தில் கோலியர்ஸ் வுட் என்று, அவருக்குத் தெரிகிற அளவு பெரிதாக எழுதினேன். பிறகு ஃபோனில் பார்த்தேன். சூரியன் அன்றைக்குச் சும்மா இருந்தது. இடப்பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.