திங்கட்கிழமை வட்டம்

சமூக, உணர்வுசார் கற்றல் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தபோது, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அரசு நடுநிலைப் பள்ளியில் யாரும் கை தூக்கவில்லை. பயிற்சி நடக்கும் இடம் அயோத்தியாப்பட்டணம். இரண்டு பஸ் மாற வேண்டும். தலைமை ஆசிரியை ரஹமத் பீவி, கணக்கு ஆசிரியர் தமிழரசுவின் பெயரை எழுதினார்.

“எனக்கு எதுக்குங்க மேடம் இது? என்னெப் பார்த்தாலே பசங்க ஓடறானுங்க.”

“அதனாலதான் சார் அனுப்பறேன்.”

பிள்ளைகள் ஓடுவது உண்மைதான். தமிழரசு அடிக்க மாட்டார். ஆனால் அவர் குரல் அடுத்த வகுப்பையும் அமைதியாக்கும். கணக்கைத் தவிர வேறு எதையும் அவரிடம் எந்தப் பிள்ளையும் பேசியதில்லை.

பயிற்சியில் கற்றதை அவர் கணக்குப் போடுவது போலவே செய்யத் தொடங்கினார். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் வட்டமாக உட்காருவார்கள். கரும்பலகை துடைக்கும் டஸ்டர் கைமாறும். யார் கையில் டஸ்டர் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொன்னது வட்டத்தைத் தாண்டக் கூடாது. ஆசிரியருக்கும் இதே விதிதான்.

முதல் சில வாரங்கள் டஸ்டர் சும்மாவே சுற்றியது. “ஒண்ணுமில்லீங்க சார்”, “நல்லாருக்கறேனுங்க சார்”. ஒரு திங்கட்கிழமை அது தன் கைக்கு வந்தபோது தமிழரசு சொன்னார்: “எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு இல்லெ. பங்கு பிரிச்சதுல தகராறு. ஊடு பக்கத்துப் பக்கத்துல. ஒரே கெணறுதான். காத்தால அவன் மொகத்துல முழிச்சா அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்காது.”

கௌசிக் என்ற பையன் டஸ்டர் இல்லாமலே கேட்டான்: “கெணத்துத் தண்ணி யாருக்குங்க சார்?”

வட்டமே சிரித்தது. தமிழரசுவும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். அம்மா கோழிப்பண்ணைக்குப் போனதும் தனியாக இருக்கப் பயம் என்றார்கள். அண்ணன் பாஸாகவில்லை என்று அப்பா தன்னை அடிக்கிறார் என்றான் ஒரு பையன். தமிழரசு தீர்வு எதுவும் சொல்ல மாட்டார். கேட்டுக்கொள்வார். வகுப்பில் அவர் குரல் தணிந்துவிட்டதாக மற்ற ஆசிரியர்கள் கேலி செய்தார்கள்.

கடைசியாகப் பேசியவள் தனப்பிரியா. அவள் அப்பா சின்னண்ணன், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் துளை போடும் டிரில்லர். வட மாநிலங்களுக்குப் போனால் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். மழைக்காலத்தில் வண்டி பட்டறைக்குத் திரும்பும்போதுதான் அவருக்கும் வீடு. அம்மா பாவாயி பண்ணையில் முட்டை எடுக்கிறாள். தனப்பிரியா வீட்டில் பேசாத பிள்ளை, வகுப்பிலும் பேசாத பிள்ளை. வட்டத்தில் மட்டும் மெல்ல வாய் திறந்தாள்.

வட்டம் பற்றிய பேச்சு வட்டார அலுவலகம் வரை போனது. அடுத்த கல்வியாண்டு தொடங்கி, அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் ஓர் உத்தரவு வந்தது: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று, பெற்றோரும் மற்றப் பள்ளி ஆசிரியர்களும் பார்க்க, இதை மாதிரி வகுப்பாக நடத்திக் காட்ட வேண்டும்.

ரஹமத் பீவி அனுபவசாலி. “நாலு பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வெச்சிருங்க சார். சினேகிதி கூட சண்டை, சமாதானம் ஆயிட்டோம், அந்த மாதிரி. எல்லா ஊர்லயும் அப்படித்தான் நடக்குது.”

“அது பொய்யிங்க மேடம். இத்தனை நாளு உண்மையெப் பேசுன்னு சொல்லிப் போட்டு, ஆளு வந்தா நடிக்கச் சொல்றதுங்களா?”

“பிள்ளைங்க நடிச்சுட்டு வீட்டுக்குப் போய் மறந்துருவாங்க சார்.”

தமிழரசு கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கூட்டத்தன்று பாவாயிக்குப் பண்ணையில் லீவு கிடைக்கவில்லை. மழைக்கு ஊர் திரும்பியிருந்த சின்னண்ணன், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அவளுக்குப் பதிலாக வந்தார். மகளிடம் சொல்லவில்லை. வாசலில் தமிழரசுவைப் பிடித்துக் கேட்டார்.

“ஏனுங்க சார், எம் புள்ள இங்க பேசறாளாமே? ஊட்டுல வாயே தெறக்க மாட்டேங்கறாளுங்க.”

“நல்லாப் பேசுவாளுங்க. உக்காந்து பாருங்க.”

நாற்காலிகள் வட்டத்தைச் சுற்றிப் போடப்பட்டிருந்தன. சின்னண்ணன் உட்கார்ந்தது தனப்பிரியாவின் முதுகுப் பக்கம். டஸ்டர் வந்தது. அவள் வழக்கம்போல அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“எங்கப்பா வந்திருக்கறாருங்க. அவுரு வந்தா ஊடு எங்க ஊடு மாதிரியே இருக்கறதில்லீங்க. யாரோ வந்து தங்கியிருக்கற மாதிரி இருக்குதுங்க. நானும் அம்மாவும் மெல்லமாத்தான் பேசறோம். எப்பப் போவாருன்னு இருக்குதுங்க.”

நாற்காலிகளில் யாரோ சிரித்தார்கள். “ஏம்ப்பா சின்னண்ணா, உன்னையத்தான்” என்றது ஒரு குரல். சிரிப்பு பரவியது. சின்னண்ணனும் சிரித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தனப்பிரியா இன்னொரு வரி சொன்னாள். அது வட்டத்துக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு அவள் திரும்பிப் பார்த்தாள்.

வந்திருந்த ஆசிரியர்கள் கைதட்டினார்கள். எவ்வளவு இயல்பாகப் பேசுகிறார்கள் என்று வட்டாரக் கல்வி அலுவலர் பாராட்டினார்.

வண்டி கிளம்ப இன்னும் நாள் இருந்தும், அந்த வாரமே சின்னண்ணன் வேறொரு ரிக்கில் இடம் பிடித்து வடக்கே போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை தனப்பிரியா டஸ்டரை வாங்கி, வாய் திறக்காமல் பக்கத்தில் கொடுத்தாள். கௌசிக்கும் அப்படியே கொடுத்தான். வாரம் போகப் போக அது ஒரு வார்த்தையும் இல்லாமல் சுற்றி வந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு தமிழரசு அந்தப் பாடவேளையில் கணக்கே எடுத்தார்.

மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவரையே அயோத்தியாப்பட்டணத்துக்கு அழைத்தார்கள். போனார். “இதெ யாருக்கும் காட்டாதீங்க. காட்டச் சொன்னா மாட்டேன்னு சொல்லுங்க” என்றார். ஆத்தூர்ப் பக்கத்து இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து, “பவர்பாயின்ட் ஷேர் பண்ணுவீங்களா சார்?” என்று கேட்டார்.

எட்டாவது முடித்த தனப்பிரியா சேந்தமங்கலத்தில் வேறு பள்ளிக்குப் போனாள். மறுபடி மழை வந்தது. தமிழரசு பாவாயியைச் சந்தையில் பார்த்தார்.

“அவுரு ஊருக்கு வரலீங்க சார். வண்டி வந்திருச்சு, பட்டறையிலயே படுத்துக்கறாரு. காசு மட்டும் வருது. போன் அடிச்சா இவ எடுக்க மாட்டேங்கறா. இவ எடுத்தா அவுரு வெச்சர்றாரு. நடுவுல நானு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழரசு திருச்செங்கோட்டுக்கு பைக்கில் போனார். பட்டறையில் சின்னண்ணன் கிரீஸ் கையோடு எழுந்து நின்றார். டீ சொன்னார். வடக்கத்தி மழை, டீசல் விலை என்று கொஞ்ச நேரம் போனது.

“சின்னண்ணா, தப்பு என்னுதுங்க. உங்களெ உக்கார வெச்சு அவளெப் பேச உட்டிருக்கக் கூடாது.”

“அவ பொய் சொல்லலீங்களே சார். ரெண்டு மாசம் வந்து கட்டல்ல படுத்துக்கறவன் விருந்தாளி இல்லாம வேற யாருங்க? அந்த ரெண்டு மாசத்தையும் நெனச்சுத்தானுங்க மிச்ச மாசத்தெ ஓட்டறது. அது அவங்களுக்கு இம்சைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

“அவ இன்னொண்ணும் சொன்னாளுங்க. சிரிப்புல உங்களுக்குக் கேட்டிருக்காது. ஒவ்வொரு தடவையும் நீங்க போனதுக்கப்புறம், அப்பிடி நெனச்சுட்டமேன்னு அழுகையா வருதுன்னா.”

சின்னண்ணன் கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“இப்ப எந்த ஒசரம் இருக்கறாளுங்க?”

தமிழரசு தன் தோளைத் தொட்டுக் காட்டினார். சின்னண்ணன் உள்ளே போய், குளித்து, சட்டை மாற்றி வந்து பைக்கின் பின்னால் ஏறினார். தமிழரசு பாவாயிக்கு போன் போட்டு, கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

நாமக்கல் வரைக்கும் சின்னண்ணன் பேசிக்கொண்டே வந்தார். கணக்கு நன்றாகப் போடுவாளா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாளாமே என்று கேட்டார். நாமக்கல்லைத் தாண்டியதும் பேச்சு நின்றது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் பிரிவில் அவர் கை தமிழரசுவின் தோளில் பட்டது.

“இங்கியே எறக்கி உட்ருங்க சார்.”

“ஊடு இன்னும் கொஞ்ச தூரந்தானே?”

“தெரியுமுங்க. போயி என்ன பேசறதுன்னு தெரியலீங்க. இன்னொரு நாளைக்கு வாரேனுங்க.”

தமிழரசு எவ்வளவோ சொன்னார். சின்னண்ணன் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” என்றார். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் நின்றார். நாமக்கல் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

பாவாயி வீட்டில் குழம்பு கொதிக்கும் வாசம் தெரு வரைக்கும் வந்தது. தனப்பிரியா வாசலில் நின்றிருந்தாள். பைக்கின் பின்சீட்டைப் பார்த்தாள். உள்ளேயிருந்து பாவாயி, “வந்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

“கூட வந்தாரு சாமி. நெசமா வந்தாரு” என்றார் தமிழரசு தனப்பிரியாவிடம்.

“எது வரைக்கும் வந்தாருங்க சார்?”

“பிரிவு வரைக்கும்.”

அவள் தெருக்கோடியைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். பஸ் போய்விட்டது என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.