துருக் கை

எனக்குத் துருக் கை. என் உள்ளங்கை வியர்வை பட்ட இரும்பு பொழுது சாய்வதற்குள் சிவந்துவிடும். சாலைக் கடைத்தெருவில் இருந்த எங்கள் இரும்புக் கடையில் அப்பா என்னைப் புது அரம் எதையும் தொடவிடமாட்டார். "ஏட்டி, சரக்கைத் தொடாத, கல்லாவுல போய் இரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில்தான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

விழிஞ்ஞம் பக்கம் ஒரு பட்டறையில் ஒரே ஓர் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். மறுபடி கல்லாவில் போய் உட்கார எனக்கு மனசே இல்லை. தேர்வு இதுதான்: இரும்புக் கட்டையை அரத்தால் அராவி, அவர்கள் தகட்டிலுள்ள சதுர ஓட்டையில் வெளிச்சம் கசியாமல் பொருத்த வேண்டும். சாயங்காலம் வரை வைஸில் இறுக்கி அராவினேன். முடித்ததும் அவரவர் தேர்வு எண்ணைக் கட்டைமேல் அச்சு வைத்துச் சுத்தியலால் குத்தச் சொன்னார்கள். குத்தினால் விளிம்பு பிதுங்கிப் பொருத்தம் கெட்டுவிடுமே என்று நான் சாக்பீஸால் எழுதிவைத்தேன். பக்கத்து வைஸில் நின்ற விழிஞ்ஞத்துக்காரரும் அப்படியே செய்தார். எங்கள் இருவருக்கும் மட்டும் அவ்வளவு புத்தி.

இரவு ஜன்னல் வழியே மழைச்சாரல் அடித்து எழுத்து அழிந்துபோயிற்று. காலையில் எண் குத்திய கட்டைகள் எதுவும் பொருந்தவில்லை; மிச்சம் எண் இல்லாமல் இரண்டு கட்டைகள். ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது, அதன்மேல் துருவேறிய விரல் தடம். மற்றதில் ஓரமாக வெளிச்சம் தெரிந்தது.

"சாரே, பொருந்தினது என் பீஸாக்கும்" என்றார் விழிஞ்ஞத்துக்காரர், ஃபோர்மேனிடம். பொய் சொல்கிற முகமில்லை, நிஜமாகவே நம்பினார்.

"அதுல இருக்கது என் கைத் துரு சார்" என்றேன்.

"மழ நனைஞ்சா எந்த இரும்பும் துருப் பிடிக்கும் கேட்டோ" என்றார்.

ஃபோர்மேன் நாகர்கோவில்காரர். சத்தம் போடவில்லை. இரண்டு தகடுகளைப் பளபளவென்று தேய்த்து வைத்தார். "ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணுல கையை வச்சு அமுக்குங்க. வைகிட்டு, சாயா வார நேரத்துல பாப்போம்."

அன்றைக்கு நான் அந்தத் தகட்டைவிட்டு நகரவில்லை. பிறந்ததிலிருந்து திட்டிய துருவை, ஏறு, சீக்கிரம் ஏறு என்று கெஞ்சினேன். மத்தியானம் வரை ஒன்றையும் காணோம். இந்தப் பாழாய்ப்போன கை இன்றைக்குத்தானா ஒழுங்காக இருக்க வேண்டும்?

சாயங்காலத் தேநீர் வந்தபோது என் தகட்டில் அஞ்சு விரலும் சிவப்பாகத் தெரிந்தன. அவருடைய தகடு வைத்தபடியே பளபளவென்று இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். "சரியாக்கும். சேச்சியோட பீஸுதான்" என்று பையை எடுத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஃபோர்மேன் எண் அச்சை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு வேலைக்கு வாம்மா. ஆனா கையில துணி இல்லாம இங்க ஒரு சாமானையும் தொடப்பிடாது, கேட்டியா."

அப்பாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிவந்தார். இவர் சொன்னபோது எனக்குக் கோபமே வரவில்லை.