இரண்டு நாள் லீவு

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் ஆபீஸில் ஆளுக்கொரு வாட்ச் கொடுத்தார்கள். உடம்பில் டென்ஷன் எவ்வளவு ஏறுகிறது, தூங்கினால் இறங்குகிறதா என்று நாடித்துடிப்பை வைத்து அது கணக்குப் போடும். டென்ஷன் குறைந்தால் வேலை நன்றாக ஓடுமாம். எனக்கோ மூக்கின் மேல் கோபம். என் லட்சணம் மேனேஜர் கண்ணில் பட வேண்டாமென்று வாட்சை என் கணவர் கையில் கட்டிவிட்டேன்.

அவர் கள்ளிக்குப்பத்துக்காரர், அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருடைய நிதானத்தை என் பெயரில் காட்டிவிடலாம் என்பது திட்டம்.

மூன்றாம் நாளே வாட்சின் ஆப்பில் சிவப்பு, டென்ஷன் உச்சமாம். தூங்கும்போதும் சிவப்பு.

"பொறுமைசாலின்னு நம்பிக் கட்டிவிட்டா, இப்படிக் கவுத்துட்டீங்களே" என்றேன்.

"கேஸ் புடிச்சிகினு கீதும்மே. அதெல்லாம் வாச்சுக்கு இன்னா தெரியும்?" என்று நெஞ்சை நீவிக்கொண்டே சோடா குடித்தார்.

எங்கள் வீட்டில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்தான். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து எனக்கு மெயில். உங்கள் உடம்பு மிகவும் களைத்திருக்கிறது, டாக்டரைப் பாருங்கள், இரண்டு நாள் வீட்டில் ஓய்வெடுங்கள். யாருடைய உடம்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேஸுக்குப் போய் டாக்டரா என்று விட்டுவிட்டேன். கேட்காமல் வந்த லீவை மட்டும் எடுத்துக்கொண்டு இழுத்துப் போர்த்திப் படுத்தேன். அவர் ரசம் வைத்து மூடிவிட்டு, வாட்சோடு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

"நீ தூங்கும்மே. துன்னுட்டு தூங்கு."

பத்து நாள் கழித்து, அண்ணனூர் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கேஸ் என்று அவரே சொன்னாராம். கூட இருந்தவர்களும் நம்பி சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த பிறகு ஆபீஸிலிருந்து ஒரு பெண் துக்கம் விசாரிக்க வந்தாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ரீடிங் அப்பவே ரொம்ப மோசமா இருந்துச்சு மேடம். அதான் லீவு குடுத்தோம். இனிமேலாவது உடம்பைப் பாத்துக்கங்க."

அது என் உடம்பு இல்லை. அவர் நெஞ்சு கேட்ட லீவு அது. இரண்டு நாளும் நான் தூங்கியே தீர்த்துவிட்டேன்.