செங்கல்பட்டுக்கு ஒரு தள்ளுவண்டி

எங்கள் வீட்டில் நல்ல தட்டில் யாரும் சாப்பிட்டது கிடையாது. நல்ல தட்டுகள் இல்லாமல் இல்லை. மூன்று டின்னர் செட் இருக்கின்றன. மூன்றும் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அவை செங்கல்பட்டு வீட்டுக்கு. கல்கத்தா லேக் கார்டன்ஸில் நாங்கள் விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிடுகிறோம். கெட்டி பெட்ஷீட், கனமான தோசைக்கல், திரைச்சீலைகள் எல்லாம் செங்கல்பட்டுக்கு. அங்கே வீடு எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். வேலி போட்ட ஒரு மனை இருக்கிறது. அதில் பக்கத்து மனைக்காரரின் ஆடு மேய்கிறது.

மனையை வாங்கியவர் என் கணவர். கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர்ப் பக்கம் வீடு கட்டி, சுற்றிலும் தோட்டம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. நான் இங்கேயே பவானிபூரில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு வங்காள மொழியில்தான் சண்டை போட வரும். தமிழில் அவ்வளவு வேகம் போதாது. இந்த ஊரை விட்டுப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. அதை அவரிடம் சொன்னதும் இல்லை. அதற்குப் பதிலாக, "நல்ல சாமானாச் சேத்துக்கிட்டுப் போலாங்க" என்று ஒருநாள் சொல்லி வைத்தேன். அந்த ஒரு வாக்கியத்தில் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

வங்காளிப் புத்தாண்டுக்கு முந்தைய மாதம் முழுக்க இங்கே சைத்ர சேல். கரியாஹாட் நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. வருடா வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே ஆஜர். நான் வீட்டுச் சாமான் பக்கம் போவேன், அவர் தோட்டச் சாமான் பக்கம் போவார். கவாத்துக் கத்தரி வாங்கினார். வெட்டச் செடி கிடையாது. நாற்பதடி ரப்பர் குழாய் வாங்கினார். எங்கள் மூன்றாவது மாடியில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். பூவாளி இரண்டு வாங்கினார், ஒன்று எனக்காம். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசாதே என்பார்கள். இவர் நெய்க்கு ஜாடியே வாங்கிவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு நாள் கடந்தால் சரி.

போன சேலில் ஒரு பெரிய கடை தோட்டச் சாமானையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. இவர் கண்ணில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று பட்டுவிட்டது. மண் அள்ளிப் போகும் பச்சை நிற இரும்பு வண்டி. அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாகான் கொத்தாய், தாதா?" தோட்டம் எங்கே அண்ணா என்று கேட்டார் கடைக்காரர்.

"செங்கல்பட்டு," என்றார் இவர், அடுத்த தெருவைச் சொல்வதுபோல.

கடைக்காரர் அதைக் கல்கத்தாவின் ஏதோ புறநகர் என்று நினைத்துவிட்டார். அங்கே எந்த பஸ் போகும் என்று கேட்டார், தன் மச்சானும் நிலம் தேடுகிறான் என்றார். இவர் பஸ்ஸைத் தவிர எல்லா விவரமும் சொன்னார். மண் செம்மண்ணாம், தண்ணீர் இனிப்பாம்.

வண்டியைப் பார்த்ததும் எந்த டாக்ஸிக்காரரும் நிற்கவில்லை. ஏரிக்கரை ஓரமாக வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தார். பாதி வழியில் என் முழங்கால் மக்கர் செய்தது.

"ஏறி உக்காரு," என்றார்.

வெட்கத்தை விட்டு ஏறி உட்கார்ந்தேன். மடியில் நான் வாங்கிய புதுக் கால்மிதிகள். மாலை நடைக்கு வந்தவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் ஓடி வந்து, ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று பதறிப்போய் வழி காட்டினார். அவர் மனம் நோகக்கூடாதே என்று நானும் ஈனக் குரலில் நன்றி சொன்னேன்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. உட்கார்ந்து வந்ததில் என் முழங்கால் கொஞ்சம் தேறியிருந்தது. இருவரும் முன்னும் பின்னுமாகத் தூக்கி இரண்டாம் மாடித் திருப்பம் வரை வந்தோம். அங்கே வண்டியை இறக்கி வைத்துவிட்டு இவர் யோசித்தார். உள்ளே பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் நடப்பதே பக்கவாட்டில்தான்.

"கட்டிலைப் பிரிச்சு மொட்டை மாடியில போட்டுரலாம். கொஞ்ச நாள்தானே, தரையில படுத்துக்கலாம்," என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தமிழ் வந்ததோ!

"கொஞ்ச நாளும் இல்ல, ரொம்ப நாளும் இல்ல. நான் வரல! அங்க எனக்கு யாரைத் தெரியும்? செத்தாலும் இங்கதான் இருப்பேன். ஒம்போது வருஷமா சொல்லாம உங்களை ஏமாத்திட்டேன், போதுமா?"

நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் இரண்டாம் மாடிப் பெண்மணி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

இவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ வரமாட்டேன்னு. அதனாலதானே வீடே கட்டல."

"அப்புறம் எதுக்கு இந்தக் கருமத்தையெல்லாம் வாங்கினீங்க?"

"வாங்கற அன்னிக்கு மட்டும் நீ வந்துருவேன்னு தோணும். கடையில ஒவ்வொரு தட்டா வெளிச்சத்துல காட்டிக் கீறல் இருக்கான்னு பாப்பியே, அதைப் பாத்தா நிஜமாவே போகப்போற மாதிரி இருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் நான் அவருக்குக் கொடுத்தது அவகாசம் என்று நினைத்திருந்தேன். ஆசை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதைவிட நேரே முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

நான் அழுவதைப் பார்த்து அவர் வண்டியின் கைப்பிடியைத் தடவினார். "இதைத் திருப்பிக் குடுத்துரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சேல்ல வாங்கினதைத் திருப்பி எடுக்கமாட்டாங்க," என்றேன். "தூக்குங்க."